பத்து நாள் விடுப்பு

மூன்றாவது தடவையாக அதே பஸ், அதே நாலு மணி நேரம், அதே முதுகுவலி. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறிப்பது என் வேலை. நாளெல்லாம் படியேறி இறங்குகிற கால்கள் லீவு நாளிலாவது நீட்டிப் படுக்க ஆசைப்படும். அந்த லீவையெல்லாம் ராணுவப் பதிவு அலுவலகம் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் அத்தைக்காக.

அத்தை என் அப்பாவின் அக்கா. எழுபத்தைந்து வயதாகிறது, என்னோடுதான் இருக்கிறாள். பிடித்தால் விடமாட்டாள். அவளுடைய கடைக்குட்டித் தம்பி, அதாவது என் சித்தப்பா, இருபத்திரண்டு வயதில் போரில் செத்துப்போனவர். நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது. அவருக்கும் எனக்கும் பரிச்சயம் ஒரு போட்டோ அளவுக்குத்தான்.

சித்தப்பா வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அவர் பயிற்சியில் இருந்தபோது தாத்தா இறந்துபோனார். தந்தி போயிற்று, அவர் வரவில்லை. நாலு மாதம் கழித்து லீவில் வந்து வாசலில் நின்றார். அப்பா வெளியூரில் வேலையில் இருந்தார். வீட்டில் அத்தை மட்டும். அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே, "அப்பா போனப்ப வராதவன் இப்ப யாரப் பாக்க வந்தே?" என்று கேட்டிருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதத்தில் சாவுச் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு ஐம்பது வருடமாக அத்தை தன்னையும் திட்டிக்கொள்வாள், செத்துப்போனவரையும் திட்டுவாள். "அக்கா ஒரு வார்த்தை சொன்னா அதுக்காக சண்டைக்குப் போயிடறதா? அப்படி என்ன ரோஷம்?" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போர்க்காலக் கோப்புகளை ஐம்பது வருடம் கழித்துத் திறக்கிறார்கள் என்று செய்தித்தாளில் யாரோ எழுதித் தொலைக்க, அத்தை என் உயிரை வாங்க ஆரம்பித்தாள்.

"அவனாக் கேட்டு சண்டைக்குப் போனானா, இல்ல அவங்களா அனுப்பினாங்களா? நான் கதவைச் சாத்தினதாலயா? இது ஒண்ணு மட்டும் பாத்துட்டு வாடா."

முதல் தடவை போனபோது படை எண் கேட்டார்கள். இரண்டாம் தடவை, இறந்தவர் என் அப்பாவின் தம்பிதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அண்ணனும் செத்தாயிற்று, தம்பியும் செத்தாயிற்று, எழுபத்தைந்து வயது அத்தையா நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து சாட்சி சொல்வது? வீட்டுப் பரணில் தூசி தின்று, தாத்தாவின் பழைய குடும்ப அட்டையைக் கண்டெடுத்துக் கொண்டுபோனேன்.

பதிவறையில் இருந்த அம்மாளுக்கு ஜலதோஷம். மேசையெல்லாம் கோப்பு, மடியில் கைக்குட்டை. குடும்ப அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனவர், முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பழுப்பு உறையோடு வந்தார். அதற்குள் இருந்தது ஒரே ஒரு அட்டை. ஒரு மனிதனுக்கு அவ்வளவுதான்.

"மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். போர்முனைக்கு இவராக் கேட்டுப் போனாரா?"

அவர் விரலை வரிகளின் மேல் ஓட்டினார். "இல்லையே சார். மொத்தப் படைப்பிரிவுக்கும் மூணாம் தேதியே ஆர்டர் வந்திருக்கு. இவரு அதுல ஒருத்தர்."

"லீவு எப்போ?"

"ஒன்பதுலேருந்து பதினெட்டு வரைக்கும். சண்டைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டப் பாத்துட்டு வரச்சொல்லி எல்லாருக்கும் பத்து நாள் கொடுப்பாங்க. எங்க போறோம்னு வீட்டுல கூடச் சொல்லக் கூடாது, அது தனி உத்தரவு." மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "பன்னெண்டாம் தேதியே திரும்பிட்டாரு. இந்த லீவ யாரும் பாதியில விட்டுட்டு வரமாட்டாங்களே."

நான் அந்தக் கடைசி வரியைச் சரியாகக் கேட்கவே இல்லை. மூணாம் தேதி, ஒன்பதாம் தேதி; எனக்கு அது போதும். அத்தை கதவைச் சாத்துவதற்கு முன்பே எல்லாம் முடிவாகிவிட்டது! நகல் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. பாதி வழி நின்றுகொண்டே வந்தும், பல மாதத்தில் முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது. இனியாவது அவள் நிம்மதியாக இருப்பாள், என்னையும் விடுவாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "அத்தை, உங்களால ஒண்ணும் இல்ல. அவரு இங்க வர்றதுக்கு ஆறு நாள் முன்னாடியே ஆர்டர் போட்டுட்டாங்க. எல்லாருக்கும் வீட்டப் பாத்துட்டு வரப் பத்து நாள் லீவு கொடுத்து அனுப்பியிருக்காங்க. நீங்க கதவைத் திறந்திருந்தாலும் போயிருப்பாரு."

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தேன். அவள் நகலை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அப்போ, போறது தெரிஞ்சுதான் வந்தானா?"

நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தவன் இதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நல்ல சேதி, நல்ல சேதி என்று துள்ளிக்கொண்டு வந்த முட்டாள் நான்.

"ஏன் சொல்லல என்கிட்ட?"

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவாம் அத்தை."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரோஷத்துல போனான்னு நெனச்சேன்டா," என்றாள். "ரோஷம்னா நானும் பதிலுக்குக் கோவிச்சுக்கலாம். அம்பது வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். சொல்லிட்டுப் போக வந்தவன எப்படிடா கோவிச்சுக்கறது?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் கெஞ்சின.

"பத்து நாள்னா, மிச்ச நாள் எங்க போனான்?"

"மூணே நாள்ல கேம்ப்புக்குத் திரும்பிட்டாராம்."

"எல்லாருக்கும் லீவுன்னியே? அப்போ கேம்ப்ல யாருடா இருந்திருப்பா?"

"சமையல்காரங்க, காவல்காரங்கன்னு யாராவது இருந்திருப்பாங்க அத்தை," என்றேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

அத்தை தலையை ஆட்டினாள். அவர் தனியாக இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். ஆறு வந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.