இளவரசருக்கு முதுகு காட்டாமல்

எனக்கு வாய் நீளம் என்று பெரியகல்லாறு முழுக்கத் தெரியும். அதனால்தான் ஊரின் பெரிய நிலக்காரரான போடியார் அழகரத்தினம் எனக்குத் திரும்பத் திரும்பப் பாடம் நடத்தினார்.

இங்கிலாந்து மகாராசாவின் உறவுக்கார இளவரசர் ஒருவர் போடியாரின் பங்களாவுக்குத் தேநீர் குடிக்க வருகிறாராம். மாலை போட ஒரு மீன்காரி வேண்டுமாம். ஊர் என்னைக் கைகாட்டியது.

"கண்ணகை, அவர் கேக்காம நீ வாய் திறக்கப்படாது. கேட்டா, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. முதல்ல 'மேன்மை தங்கிய இளவரசரே' எண்டு சொல்லணும். திரும்பி வரக்குள்ள முதுகு காட்டப்படாது, பின்பக்கமாவே நடக்கணும்."

"ஓம் போடியார்" என்றேன். எங்கள் தோணித்துறைக்குப் போகும் பாதையை மறித்துத் தன் தென்னந்தோட்டத்துக்கு வேலி போட்டவர் இவர்தான். அன்றிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு சேற்றில் சுற்றி வருகிறோம். சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் நாறிவிடும். நாறின மீனை எவன் வாங்குவான்? எங்கள் அடுப்பு எரியாத நாட்கள் அவருக்கு ஒரு பொருட்டா?

இளவரசர் வந்தார். பங்களா வாசலில் மாலை போட்டேன். கைகூப்பியபடி பின்பக்கமாக நடந்தேன். நான் போய்ச் சேர வேண்டிய எங்கள் மீன்காரப் பெண்கள் நின்றது இடப்பக்கம். நான் போனது நேரே, துறைக்குப் போகும் பழைய பாதையில். முதுகு வேலியில் முட்டியது. அப்படியே நின்றேன்.

போடியார் கண்ணால் விரட்டினார். நான் அசையவில்லை. இளவரசர் சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"ஏன் நிக்கிறாய் எண்டு கேக்கிறார்" என்றார் மொழிபெயர்க்க வந்த வினாயகமூர்த்தி வாத்தியார்.

"மேன்மை தங்கிய இளவரசரே, இது நாங்க துறைக்குப் போற பாதை. வேலி மறிக்குது. திரும்பினா உங்களுக்கு முதுகு காட்டினதாப் போயிரும்."

வாத்தியாரும் எங்களிடம் மீன் வாங்குகிறவர். ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னார்.

"வேலி போட்டது ஆர் எண்டு கேக்கிறார்."

"மேன்மை தங்கிய இளவரசரே, உங்களுக்குப் பக்கத்தில நிக்கிற போடியார்தான்."

இளவரசர் போடியாரைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அந்தத் துறையைத் தானும் பார்க்க வேண்டும், இந்தப் பாதையாலேயே போக வேண்டும் என்றார். கூட வந்த துரைமாரின் முகம் சிவந்தது. போடியாரின் ஆட்களே வேலிக் கம்புகளைப் பிடுங்கினார்கள். நான் பின்பக்கமாகவே முன்னால் போக, இளவரசர் என்னைத் தொடர்ந்து வந்தார். வாவித் தண்ணீர் குதிகாலை நனைத்தபோது பெண்கள் போட்ட குரவை அக்கரைக்கே கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இளவரசர் போன பிறகு போடியார் கிட்ட வந்தார். "வாய் திறக்கப்படாது எண்டு சொன்னனே."

"நீங்க சொன்ன ஒண்டையும் நான் மீறல்ல, போடியார்."

அவர் இளவரசர் இல்லையே. முதுகைக் காட்டிக்கொண்டு, திறந்த பாதையால் வீட்டுக்கு நடந்தேன்.