கண்ணாடிக்குள் ஏரி

ஆள் ஒல்லி என்பதால் அண்ணி அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவாள். மாதிரி வடிவங்கள் கட்டும் அவர்கள் பட்டறையில் எந்த இடுக்கில் வேலை இருந்தாலும் அது ஊசியின் தலையில்தான் விடியும். அண்ணன் இறந்தபிறகு பட்டறையை அண்ணியும் நாத்தனாருமாக நடத்திவந்தார்கள். ஊசி எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

அருங்காட்சியகத்தில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டி. அகலமோ ஒரு அறை அளவு. அதற்குள் நாற்பது நாளாகப் பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்தி இருவரும் ஓர் ஏரியைக் கட்டியிருந்தார்கள். நீலக் கட்டைத் தண்ணீர்மேல் களைச்செடியும் சேறும் அடுக்கிய மிதக்கும் பாத்திகள். அவை நகர்ந்துவிடாமல் ஊன்றிய கழிகள். பாத்தி நிறைய தக்காளி, வெள்ளரி, இடையிடையே படகுக்காரர்கள். மறுநாள் திறப்பு விழா.

மத்தியானம் பார்த்தால், நடு ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. பின்பக்கச் சின்னக் கதவு வழியாக, ஏரிக்குக் குறுக்கே போட்ட பலகைமேல் ஊசி தவழ்ந்து போய் அதை நிமிர்த்தினாள். அதற்குள் கதவு பட்டென்று சாத்திப் பூட்டிக்கொண்டது. காவலாளி சாவியைத் திருக, பாதிச் சாவி உள்ளேயே முறிந்துபோனது.

"பூட்டுக்காரர் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். மேல் கண்ணாடியக் கழட்டுற ஆளுங்க வர அதுக்கும் மேல ஆகும்," என்றார் காவலாளி.

"கண்ணாடிய ஒடைங்களேன்!" என்றாள் அண்ணி.

"ஒடைச்சா சில்லெல்லாம் அவங்க மேலதாம்மா விழும்."

உள்ளே தவழ்ந்த நிலையில் இருந்த ஊசியின் முதுகை மேல் கண்ணாடி தொட்டது. விளக்குச் சூட்டில் வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கால்மணி நேரத்தில் முழங்கால் மரத்துவிட்டது. நிமிரவும் முடியவில்லை, படுக்கவும் அந்தக் குறுகலான பலகையில் இடமில்லை. மூச்சை இழுக்க இழுக்கப் போதவில்லை. வெளியே எல்லோரும் வாயசைப்பது தெரிந்தது. அண்ணி மட்டும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கத்தினாள்.

"கீழ எறங்கி உக்காருடி!"

"தோட்டம் போயிடும் அண்ணி!"

"போனாப் போகுது! எறங்குடி!"

ஊசி கண்ணை மூடிக்கொண்டு காலை இறக்கினாள். தக்காளிப் பாத்தி நொறுநொறுவென்று நொறுங்கியது. அடுத்து வெள்ளரி. ஏரி நடுவில் கால் நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் நெஞ்சு கொஞ்சம் இளகியது. கட்டைகள் தொடையில் குத்தின, அவள் நகரவில்லை. அண்ணி வெளியே தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

பூட்டுக்காரர் வந்து கதவைக் கழற்ற, அண்ணி அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அருங்காட்சியகப் பொறுப்பாளர் பெட்டியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நாளைக்குத் திறப்பு விழாங்க! இப்படிப் பண்ணிட்டீங்களே?"

"ஒருத்தி மூச்சு முட்டிக் கெடந்தா, உங்களுக்குத் தக்காளி பெருசாப் போச்சா?" அண்ணி சீறினாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டாள். "கொஞ்ச நேரம் கழிச்சு... மறுபடி உள்ள போறியா?"

"மாட்டேன் அண்ணி."

சொன்னபிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று ஊசிக்கு உறைத்தது. அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி. மேல் கண்ணாடியக் கழட்டச் சொல்லுங்க," என்றாள் பொறுப்பாளரிடம். "நான் நின்னுக்கிட்டே கட்டுறேன். இவ கட்டையப் பிரிச்சுக் குடுப்பா."

பொறுப்பாளர் முணுமுணுத்துக்கொண்டே ஆள் கூப்பிடப் போனார். ஊசி ஜன்னலோரம் போய் நின்று ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.