என்ஜின் வெடிக்காத கதை

1

என் தங்கையின் கார் வெடிக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிரமிளா பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மின்சில்லுகளைச் சோதிப்பவள். வீட்டில் இருக்கும் ஒரே காருக்கு, என்ஜினைப் பிரிக்காமலே, வேகத்தைக் கூட்டும் நைட்ரஸ் வாயு பொருத்தப் போவதாகச் சொன்னாள். பாலத்துக்கு அக்கரையில், அனுமதி பெற்ற மூடிய தளத்தில் பந்தயம். அவள் கணவன் சிவநேசன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"போன காடியிலயே வீட்டுக்குத் திரும்பணும். இழுத்துட்டு வர நீ லோரி கூப்பிட்டேன்னா, அன்னியோட பந்தயத்துக்கு முழுக்குப் போட்டுடணும்."

பந்தயத்தை விடச் சொல்வதும் சோறு தின்னாதே என்று சொல்வதும் அவளுக்கு ஒன்றுதான். எனக்கோ கதை கிடைத்த குஷி. என் ஜார்ஜ்டவுன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன்:

டமாரென்று ஒரு சத்தம். பிரமிளா திரும்பிப் பார்ப்பதற்குள் புகை

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். ஏனென்று இதோ சொல்கிறேன்.)

2

அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"ஏன்க்கா, என் காடி மேல ஒனக்கு அப்படி என்ன கோவம்?"

"கதைக்கு ஒரு ஆபத்து வேணும்லடி."

"ஆபத்து எங்க இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? நைட்ரஸ் கூடுதலா ஆக்ஸிஜன் குடுக்கும். அதுக்கு ஏத்த எண்ணெயும் கூடவே போவணும். பத்தலன்னா பிஸ்டன் உருகிடும் லா. அதான் ரெண்டையும் சேர்த்து அடிக்கிற கிட் வாங்கியிருக்கேன். அதுலயும் ஆகச் சின்ன அளவு."

(எண்ணெய் என்றால் இங்கே பெட்ரோல். நல்லெண்ணெயை ஊற்றி வைக்காதீர்கள்.)

சரி, பெட்ரோல் அழுத்தம் நடுவில் குறைந்தால்? ஆசையோடு கேட்டேன். குறைந்த உடனே வாயுவை நிறுத்த ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறாளாம். மெதுவாகப் போகும்போது வாயு தவறிப் பாய்ந்தால்? பாயாதாம், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தால்தான் திறக்குமாம். வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும் ஸ்பார்க் பிளக் போட்டு, தீப்பொறி விழும் நேரத்தையும் சற்றுத் தள்ளி வைத்திருந்தாள். வாயு அடைத்த பாட்டலைப் பின்னால் இறுகக் கட்டி, அழுத்தம் மிஞ்சினால் வாயு வெளியே போகக் குழாயும் விட்டிருந்தாள். அடிப்பாவி! அவள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப் பூட்ட, நான் ஒவ்வொரு பக்கமாய்க் கிழித்துப் போட்டேன்.

3

இவ்வளவு ஜாக்கிரதையான ஒருத்தியை யார் படிப்பார்கள்? யாராவது ஒரு தப்புச் செய்தாக வேண்டும். புண்ணியவான் சிவநேசன் செய்தான்.

புது வண்டிக்கு நம் ஆட்கள் செய்யும் பூசையைப் பந்தயத் தளத்தில் அவன் புது பாட்டலுக்கும் செய்யக் கிளம்பினான். சூடமும் கையுமாக வந்தவனைப் பிரமிளா துரத்தியடித்தாள். டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்க மட்டும் அனுமதித்தாள். அம்மன் கோயிலில் கொடுத்த பழத்தை நசுக்க அவனுக்கு மனம் வரவில்லை. யாரும் பார்க்காதபோது அதை டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டான்.

முதல் ஓட்டம். கார் சாதுவாகப் போய்ச் சாதுவாகத் திரும்பியது. பிரமிளா பாட்டலைக் கழற்றி எடை போட்டாள். வாயு துளியும் குறையவில்லை. வயர்களையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். ஆக்சிலேட்டருக்கு அடியில் அம்மன் எலுமிச்சை! அடிவரை மிதிக்க விடாமல் அதுதான் தடுத்திருக்கிறது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இது பிரேக்குக்கு அடியில உருண்டிருந்தா என்னாங்க ஆயிருக்கும்?"

சிவநேசன் முகம் வெளுத்துப்போனது. "அலாமாக்... ஒன்ன காப்பாத்தும்னுதான் வெச்சேன், மிளா."

எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் தேடி அலைந்த ஆபத்து இதோ கைக்கு வந்துவிட்டது. எழுதத்தான் கை வரவில்லை. எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி.

சிவநேசன் காரைக் காலி செய்தான். கால்மிதி, குடை, தண்ணீர்ப் போத்தல், என் கைப்பை, எல்லாம் வெளியே பறந்தன. கடைசியில் தன் செருப்பையும் கழற்றி வீசினான். அது ஏன் என்று அவனுக்கே தெரியாது. பிரமிளா அப்போதுதான் சிரித்தாள்.

4

இரண்டாவது ஓட்டத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஜெயிக்கிறாள். இன்னொன்றில் மயிரிழையில் தோற்கிறாள். மூன்றாவதைப் பாதியிலேயே அடித்துவிட்டேன், கேட்காதீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். பச்சை விளக்கு எரிந்தது. கார் ஒரு கணம் யோசித்தது, பிறகு பாய்ந்தது! அப்படி ஒரு பாய்ச்சலை நான் பார்த்ததே இல்லை. நிபந்தனை போட்ட மனுசன் வெறுங்காலோடு தளத்தின் ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்தான்.

"மிதி மிளா! மிதி! நிறுத்தாத!"

பலகையில் நேரம் தெரிவதற்குள் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, அதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தாளா தோற்றாளா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கோப்பை கொடுங்கள், பிடுங்குங்கள், மழையைக்கூடக் கொண்டுவாருங்கள். ஆனால் பினாங்குப் பாலத்தில் இப்போது அந்தக் கார் தன் சொந்த என்ஜினில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, ஓட்டுவது பிரமிளா. அந்த வரியில் மட்டும் கை வைத்தீர்களோ, அப்புறம் நான் பொல்லாதவள்.