டெய்லர் வீடு வரைக்கும் வாய் திறக்காமல்

“உலகம் உண்டான நாள்லேருந்து எவனும் செய்யாத காரியத்தை இன்னைக்கு நான் செஞ்சு முடிச்சிருக்கேன். கோயில்லேருந்து டெய்லர் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. ஒரே ஒரு வார்த்தை!”

பூசை முடிந்து தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குப் புரையேறியது. மீதிப் பேர் கோப்பையைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சொன்னவர் யார் என்று பார்க்க வேண்டும் அல்லவா? கண்டக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. தொண்டை மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவர் “டிக்கெட், டிக்கெட்” என்று குரல் கொடுத்தால், எதிரே போகிற பஸ்ஸில் இருப்பவர்களும் பையில் கை விட்டுச் சில்லறை தேடுவார்கள். தூக்கத்தில்கூடப் பேசுவார். பேசினாலும் பரவாயில்லை, பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரை எழுப்புவார்.

“அண்ணே,” என்றார் நர்ஸம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பங்கில் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் குழுவுக்கு அவர்தான் தலைவி. “தண்ணி மேல நடந்தேன்னு சொல்லுங்க, கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கிறேன். இதை எப்படிண்ணே நம்புறது? சாட்சி இருக்கா?”

“ஏன் இல்லாம? பின்னாடியே வந்துக்கிட்டிருக்கு.”

“யாரு?”

“என் வீட்டுக்காரி.”

சிரிப்பு நின்றது. கண்டக்டரின் முகமும் லேசாகச் சுருங்கியது. ஓடுகிற பஸ்ஸில் இரட்டைப் பிள்ளைக்குப் பிரசவம் பார்த்தேன் என்று அவர் சொன்னபோது, “ஒத்தைப் பிள்ளை; அதுவும் ஆஸ்பத்திரிக்குள்ள போனப்புறம்தான் பொறந்துச்சு” என்று ஊசி குத்திக் காற்றை இறக்கியவர் அந்த அம்மாள்தான். கல்யாணமான நாள் முதல் கணவர் விட்ட ஒரு ரீலையும் அவர் முழுசாக ஓட விட்டதில்லை.

நடந்தது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குத்தந்தை, ஆண்டவரின் உடலாக வணங்கும் நற்கருணை அப்பத்தைச் சின்னச் சிமிழில் வைத்துக் குழுவினரிடம் கொடுப்பார். அதைத் தோல் பையில் போட்டு, கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, படுக்கையில் கிடக்கிறவர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆண்டவரைச் சுமந்து போகிறவர் வழியில் கடை கண்ணிக்குள் நுழையக் கூடாது. நின்று ஊர்க்கதை பேசக் கூடாது. பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது கண்டக்டர் பலமாகத் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே பக்கத்து நாற்காலிக்காரரிடம் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

விளைவு, போன வாரம் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த டெய்லர் தலையில் விடிந்தது. வழியெல்லாம் குசலம் விசாரித்துவிட்டு, அந்த வீட்டில் ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி பாதி உருகிய பிறகுதான் கண்டக்டர் போய்ச் சேர்ந்தார். சேர்ந்தவர் ஜெபத்தை முடித்துவிட்டுச் சும்மா வந்தாரா? ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, இதே மாதிரி இடுப்பை முறித்துக்கொண்ட தம் அத்தை எப்படி விழுந்தார், எப்படிப் படுத்தார், கடைசியில் சவப்பெட்டி எந்தக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்பது வரை விலாவாரியாக எடுத்துரைத்தார். அவர் படியிறங்குவதற்குள் டெய்லர் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

“அடுத்த தடவை ஆண்டவர் மட்டும் வந்தா போதும்மா. கண்டக்டர் வேண்டாம்.”

நர்ஸம்மா கறாரானவர். இந்த ஞாயிற்றுக்கிழமை சிமிழைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவரை ஓரமாக அழைத்தார். “அண்ணே, இது கடைசி வாய்ப்பு. வழியில ஒரு வார்த்தை கூடாது. அங்க போய், புத்தகத்துல இருக்கிற ஜெபம் மட்டும். மீறினா, அடுத்த வாரத்துலேருந்து நீங்க மண்டபத்துல நாற்காலி மடக்குற வேலைக்குப் போயிருங்க.”

ஓய்வு பெற்ற பிறகு கண்டக்டரை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. வீட்டில் பால் பாத்திரத்தைக்கூட. ஒரு காலத்தில் ஒரு பஸ் நிறைய உயிர்களைப் பொறுப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். இப்போது அவர் கொண்டுபோய்ச் சேர்க்க மிச்சம் இருந்தது இந்தச் சிமிழ் ஒன்றுதான். அதைக் கழுத்தில் மாட்டும்போதெல்லாம் அவருக்கு மறுபடியும் வேலைக்குப் போகிற மாதிரி இருக்கும். அது போய்விட்டால்?

வாயை இறுக மூடி, வலது உள்ளங்கையைச் சட்டைக்கு மேலே சிமிழின் மீது பதித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

முதல் சோதனை பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் சந்தை வாசலில் நிற்கும் என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். நிற்கும் என்றான்! கண்டக்டர் எத்தனையோ வருஷம் வாழ்ந்த வழித்தடம் அது. சந்தை வாசலில் அந்த பஸ் நிற்கவே நிற்காது. வளைவு தாண்டி மரக்கடை பக்கத்தில்தான் நிற்கும். நாக்கு பல்லை முட்டியது. காது மடல் சிவந்தது. நெற்றியில் பூத்த வேர்வை கழுத்தில் இறங்கி, முதுகில் ஓடி, முழங்கால் வரை போயிற்று. வாயைத் திறக்காமலே அந்த இடத்தைக் கடந்தார். பிற்பாடு அவரே சொன்னபடி, வேதசாட்சிகளைச் சிங்கத்தின் முன்னால் நிறுத்தியதெல்லாம் இதற்குக் கால் தூசு.

அடுத்தது மருந்துக்கடை. தினமும் அந்த வாசலைத் தாண்டும்போது, “என்ன முதலாளி, ஊர்ல நோய்நொடி நல்லா இருக்கா?” என்று கண்டக்டர் கூவுவது வழக்கம். அலமாரியில் பாட்டில்கள் குலுங்கும். இன்றைக்குச் சத்தமில்லை. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கண்டக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து, பேச்சு மூச்சில்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

“ஐயையோ! அட்டாக்!”

ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து, அவரைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். “அண்ணே, என்ன பண்ணுது? பேசுங்க! எதாவது பேசுங்க!”

பேசச் சொல்லி வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் கெஞ்சுகிறார், பேச முடியவில்லை. டெய்லர் வீடு மூன்றாவது மாடி என்பதைத் தெரிவிக்கக் கண்டக்டர் ஆள்காட்டி விரலை மேலே காட்டினார்.

“மேல போறேன்னு சொல்றாருங்க!” என்று யாரோ அலறினார்கள்.

காற்றுப் படட்டும் என்று மருந்துக்கடைக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்ற வந்தார். சிமிழ் உள்ளே இருக்கிறது. கண்டக்டர் இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டார்.

“வலி தாங்கலை பாவம், கையை எடுக்கவே மாட்டேங்கிறாரு. வீட்டுக்குப் போன் போடுங்க!”

போட்டார்கள். எல்லோரும் கேட்கும்படி சத்தமாகவே வைத்தார்கள்.

“அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு முடியலை. நம்ம கடையில உட்கார வச்சிருக்கோம். பேச்சே இல்லைம்மா.”

“பேச்சு இல்லையா?” என்றது மறுமுனை. “அப்ப அது எங்க வீட்டுக்காரர் இல்லைங்க. வேற யாரோ. நல்லாப் பாருங்க.”

“நம்ம கண்டக்டர்தாம்மா! மீசை, வழுக்கை எல்லாம் அவருதான்!”

மறுமுனையில் ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது. அதற்குள் கண்டக்டரோடு காலமெல்லாம் ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர், தம்முடைய ஓட்டை வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

“மாப்ளே, உன்னைப் போக விட்டுருவேனா? ஆஸ்பத்திரிக்கு நான் பறக்கிற பறப்பைப் பாரு!”

நாலு பேர் சேர்ந்து அலேக்காகத் தூக்கிப் பின் இருக்கையில் போட்டார்கள். வேன் சீறிக் கிளம்பியது. ஆஸ்பத்திரி ஒரு திசை, டெய்லர் வீடு எதிர்த் திசை. கையைக் காலை ஆட்டிப் பார்த்தார் கண்டக்டர். டிரைவர் திரும்பிப் பார்த்தால்தானே? ஆண்டவரே, நீரே உம்முடைய வழியைப் பார்த்துக்கொள்ளும் என்று மனசுக்குள் முறையிட்டவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. கையைச் சன்னலுக்கு வெளியே விட்டார். வேனின் தகரத்தில் பலமாக ஒரே ஒரு தட்டு.

டம்!

பஸ்ஸில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். டிரைவர் காதில் அது விழுந்ததா, காலில் விழுந்ததா என்று சொல்ல முடியாது. மூளைக்குச் சேதி போவதற்கு முன்னாலேயே பிரேக்கில் கால் போய்விட்டது. வேன் குலுங்கி நின்றது. கதவைத் திறந்து இறங்கினால், எதிரே, கையில் ஈரத்தோடு, ஒரு காலில் ஒரு செருப்பும் மறுகாலில் வேறு செருப்புமாக மனைவி ஓடி வந்துகொண்டிருந்தார்.

“என்னங்க! என்னங்க ஆச்சு? என்னைத் திட்டவாவது செய்யுங்களேன்!”

அந்தக் குரலைக் கேட்டதும் கண்டக்டருக்கு உள்ளே என்னமோ செய்தது. மனைவி இவ்வளவு பயந்து அவர் பார்த்ததே இல்லை. இதற்கு மேல் தாங்காது, சிமிழ் போனால் போகிறது என்று உதடு பிரியப் போன நேரத்தில், கை தானாகவே சட்டைப் பொத்தானைத் திறந்து, உள்ளே தொங்கிய தோல் பையைக் காட்டியது.

மற்றவர்களுக்கு அது ஏதோ பை. அந்த அம்மாளுக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. நின்ற இடத்திலேயே சிலுவை அடையாளம் போட்டுத் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீரும் இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது. ஓடி வந்த மருந்துக்கடைக்காரரையும் டிரைவரையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அப்புறம் கணவரின் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

இருவரும் நடந்தார்கள். கல்யாணத்தன்று பீடத்தை நோக்கி நடந்ததற்குப் பிறகு, பேசாமல் சேர்ந்து நடந்தது இன்றைக்குத்தான். அன்றுகூடக் கண்டக்டர் பாதி வழியில் செருப்பு கடிக்கிறது என்று முணுமுணுத்தாராம். பின்னால் ஊரே திரண்டு வந்தது. லாரிகள் ஒதுங்கின. டிரைவர் ஹாரனைத் தொடாமல் வேனை ஊர்வலத் தேர் மாதிரி உருட்டிக்கொண்டு வந்தார். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் கரைவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன. வெயில் இதமாக இருந்தது. எதிர்ச் சன்னலில் யாரோ துணி உதறும் சத்தம், மனைவியின் ஜோடி மாறிய செருப்புச் சத்தம், தம்முடைய மூச்சு எல்லாம் கண்டக்டரின் காதில் தனித்தனியாக விழுந்தன. இத்தனை காலம் இந்தத் தெருவில் நடந்திருக்கிறார். இதெல்லாம் கேட்டதே இல்லை. பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மாடி ஏறினார்கள். டெய்லர் தம் கையால் தைத்த வெள்ளைத் துணி மேசையில் விரித்திருந்தது. மெழுகுவர்த்தி அப்போதுதான் உருக ஆரம்பித்திருந்தது. கண்டக்டர் புத்தகத்தில் இருந்ததை, இருந்தபடியே, மெதுவாக வாசித்தார். டெய்லர் “ஆமென்” சொல்லி நற்கருணை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். டெய்லரின் முகம் தேய்த்து மடித்த துணி மாதிரி சுருக்கமில்லாமல் ஆயிற்று.

கொஞ்சம் கழித்து அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கண்டக்டர் கடைசி ஜெபத்தையும் முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். டெய்லர் இன்னொரு கண்ணையும் திறந்தார்.

“என்னய்யா, ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருக்கே?”

கண்டக்டர் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“டாக்டர் உங்கிட்ட எதாவது சொன்னாரா? என் கேஸு அவ்வளவுதானா? எதுவா இருந்தாலும் சொல்லிரு. உங்க அத்தையைப் பத்தியாவது சொல்லு. பயமா இருக்குய்யா, பேசுய்யா!”

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் காலிச் சிமிழைப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று தலையசைத்தார். அணை உடைந்தது.

“அந்த பஸ்ஸு சந்தை வாசல்ல நிக்கவே நிக்காது!”

அதற்குப் பிறகு டெய்லர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கட்டில் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டது. வாராவாரம் கண்டக்டர்தான் வர வேண்டும், வரும்போது வாயை மூடிக்கொண்டும், முடித்த பிறகு திறந்துகொண்டும் இருக்க வேண்டும் என்று அவரே நர்ஸம்மாவிடம் போனில் சொல்வதாகச் சொன்னார்.

“சொன்னாரு,” என்றார் நர்ஸம்மா மண்டபத்தில். “வீட்டுக்குள்ள நடந்ததுக்கு அவரு பொறுப்பு. வழிக்கு யாரு பொறுப்பு? அதான் கேட்கிறேன்.” சிமிழ் அவர் கையில் இருந்தது. கண்டக்டரின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

அப்போது அவர் மனைவி உள்ளே வந்தார். டெய்லர் மனைவியோடு கொஞ்சம் பேசிவிட்டு வர நேரமாகிவிட்டது. யாரையும் பார்க்காமல் முதலில் ஒரு டீ எடுத்துக்கொண்டார். மண்டபமே அவர் உறிஞ்சுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“என்ன சொன்னாரு இவரு?”

“ஊரே பின்னால திரண்டு வந்துச்சாம்.”

“ஊரா? மருந்துக்கடைக்காரரும் டிரைவரும் ஒரு நாயும் வந்துச்சு.”

“லாரியெல்லாம் ஒதுங்கிச்சாம்.”

“ஞாயித்துக்கிழமை ஏது லாரி?”

கண்டக்டர் மடக்கி வைத்த நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார்.

“சரிங்கம்மா,” என்றார் நர்ஸம்மா. “பேசவே இல்லைங்கிறாரே, அது?”

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். கணவரை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகாத வார்த்தையாதலால் வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“பேசலைங்க,” என்றார். “நான் அழுதப்பகூட பேசலை. எனக்கே நம்ப முடியலை, ஆனா நடந்தது நடந்ததுதான்.”