ஒரு மூலை

லாசர் மிளகு பறிக்கும்போது கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஏணியிலிருந்து விழுந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. தலையும் அடிக்கடி சுற்றியது. சேலம் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தரும் சாரா, பக்கத்துக்கு ஒரு நிறமாகத் திருகிச் சேர்க்கும் கியூப் ஒன்றைக் கொடுத்தாள். திருகத் திருக விரல் பழகும் என்றாள்.

விரல்கள் பழகின. கியூபை அவன் கீழே வைக்கவில்லை.

எஸ்டேட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர் மாதேஸ்வரன் ஒருநாள் அதைப் பார்த்தார்.

"ஏன் லாசரு, இனி பம்பாய்ல போயி வித்தை காட்டப் போறியா?"

"தலை சரியாயிருச்சுங்க. ஏணி குடுத்தா ஏறிருவனுங்க."

"ஆறு பக்கமும் ஒண்ணு சேத்துட்டு வா. தர்றேன்."

ரைட்டர் அதை அன்றே மறந்துவிட்டார். லாசர் மறக்கவில்லை. செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தான். முதல் அடுக்கு வந்தது. இரண்டாம் அடுக்கு வந்தது.

மலைமேல் அவர்கள் ஊரான கொட்டச்சேட்டில் மூடுபனி இறங்கினால் தீப்பெட்டி, பைபிள் அட்டை எல்லாம் நமுத்துப்போகும். கியூபும் இறுகியது. தை வெயில் வந்ததும் லாசரின் மனைவி சாந்தாமேரி அதைக் கழற்றினாள். இருபது துண்டுகள். காப்பி காயவைக்கும் களத்தில் அவளுக்கு வேலை. துண்டுகளைக் களத்து ஓரத்தில் பரப்பி, காப்பிக்கொட்டையைப் போலவே மணிக்கொரு தரம் புரட்டிவிட்டாள். சாயங்காலம் திரும்பப் பொருத்தினாள். எது எங்கே என்று பார்க்கவில்லை. எப்படியும் கலைந்து கிடக்கும் பொருள்தானே.

"லேசா சுத்துதே. எண்ணெ போட்டியா?"

"வெயில்ல வச்சனுங்க."

அடுத்த மாதமே கடைசி அடுக்கும் வந்தது, ஒரு மூலை தவிர. அந்த மூலை மட்டும் திரும்பி நின்றது. அதன் மூன்று நிறங்களும் தப்பான பக்கம் பார்த்தன. கலைத்து மறுபடி போட்டான். மறுபடி ஒரு மூலை. எட்டு மாதமாக ஒரு மூலை.

"விழுந்ததுல தலைக்குள்ள ஏதோ ஒண்ணு திரும்பிக்கிச்சு மேரி. கடைசிப் படி நிக்க மாட்டேங்குது."



ஐப்பசியில் மறுபடி ஆஸ்பத்திரி. காதுக்குள் அடிபட்ட நரம்பு இனித் தேறாது என்றார் டாக்டர். எந்த நேரமும் தலை சுற்றலாம். ஏணியில் கால் வைக்கக் கூடாது.

"அவரு மெசினப் பாத்துச் சொல்றாரு" என்று லாசர் வராந்தாவில் மனைவியிடம் சொன்னான். "இது சேரட்டும். நானே சொல்றேன்."

அவனை இன்னொரு ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் அவன் வைத்துவிட்டுப் போன கியூபை சாரா எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, இதக் கழட்டி மாட்டுனீங்களா?"

"ஆமாங்க. காயப் போட்டன்."

சாரா சிரித்துவிட்டாள். "காயப் போட்டீங்களா? நல்ல ஆளு. ஒரு மூலைய மாத்தி மாட்டிட்டீங்க. இனி யாரு சுத்துனாலும் சேராது. அண்ணன் சரியாத்தான் போட்டிருக்காரு."

"அப்ப அவரு தலை?"

"இதுக்கெல்லாம் நல்லாவே இருக்குது. ஸ்பூன் காம்பு இருந்தாப் போதும், நெம்பித் திருப்பிடலாம். இருங்க, நானே..."

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. சாந்தாமேரி கியூபை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"ஊட்டுல பாத்துக்கறனுங்க."

திரும்பும் பஸ் மலையடிவாரம் தாண்டியதும் லாசர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் அவள் துண்டிலேயே வாந்தி எடுத்தான்.

"டிரைவரு சரியில்ல" என்றான்.

மறுநாள் அவன் குளிக்கப் போனபோது அவள் ஸ்பூன் காம்பால் அந்த மூலையை நெம்பினாள். சரியாகத் திருப்பினாள். ஆறு பக்கமும் சேர்ந்தன. அவள் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெள்ளைப் பக்கத்தைத் தடவினாள். இதைக் காட்டினால் தன் தலையைத் திட்டுவதை அவன் விட்டுவிடுவான். நேராக ரைட்டரிடம் போவான். கொடுக்காவிட்டால் வேறு எங்காவது ஏணி வாங்குவான். மிளகு பழுக்க இன்னும் ஒரு மாதம்.

மூலையை மறுபடி நெம்பினாள். முன்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று நினைவில்லை. எப்படி வைத்தாலும் தப்புதான். வைத்தாள்.

லாசர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கியூபை எடுத்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மேரி, மூலை வேற பக்கம் பாக்குது."

"அப்படிங்களா?"

"நேத்து இப்படி இல்ல. கிட்ட வந்துட்டன் புள்ள."

அவன் முகம் அப்படி இருந்து நாளாயிற்று. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கலைக்க ஆரம்பித்தான். சாந்தாமேரி ஸ்பூனைக் கழுவி வைத்தாள்.