வெளிநடப்பு

1

இந்தக் கதை அக்காவிடமிருந்து நான் எடுத்தது. அவள் நகர மன்றத்தில் சுருக்கெழுத்தாளர். உறுப்பினர்கள் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுவது அவள் வேலை. அவைத் தலைவர் நீக்கச் சொன்னதை நீக்குவதும் அவள் வேலைதான்.

‘அன்று மன்றத்தில் கடவுளும் வந்து உட்கார்ந்திருந்…’

[அடித்துவிட்டேன். கெட்டிக்காரத்தனமான வரி. நடந்ததற்கு ஒட்டாது.]

2

மருத்துவமனையில் குழந்தைகளுக்கு இன்னொரு கூடம் கட்டுவது பற்றி விவாதம். எதிர்க்கட்சி உறுப்பினரான ஒரு பள்ளி டீச்சர், ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். அவருடைய மகள் போன வருடம்தான் காய்ச்சலில் இறந்திருந்தாள்.

ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார்.

“உங்க கட்சி கடவுளுக்கு விரோதமான கட்சி. யாரை எங்க அடிக்கணும்னு அவருக்குத் தெரியும். உங்க வீட்டுலயே பாத்தீங்கல்ல?”

அவர் கட்சிக்காரர்கள் மேசைகளைத் தட்டினார்கள். (மூன்று பேர் தட்டவில்லை என்றாள் அக்கா. அவர்களைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.) டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அந்தப் பேச்சை நீக்கும்படி தலைவர் சொன்னார்.

3

மாலையில் டீச்சர் அக்காவின் அறைக்கு வந்தார்.

“அந்த வரியை எடுத்துராதீங்கம்மா.”

“தலைவர் உத்தரவுங்க. என் கையில இல்ல.”

முதல் பிரதியில் இந்த இடத்தில் அக்காவைத் துணிச்சல்காரியாக்கி, நீக்க மாட்டேன் என்று சொல்ல வைத்தேன். படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “எடுத்துட்டேன்டா. அப்படியே எழுது.”

அச்சான அவைக் குறிப்பில் வந்தது: ‘(நீக்கப்பட்டது.) உறுப்பினர் வெளிநடப்பு செய்தார்.’ யாராவது பாதியில் எழுந்து போனால் அந்தச் சொல்லைப் போடுவதுதான் வழக்கம். அக்காவும் போட்டாள்.

அடுத்த வாரம் சுவரெல்லாம் ஆளுங்கட்சியின் சுவரொட்டி: ‘கடவுள் பெயரைக் கேட்டதும் வெளிநடப்பு!’

4

டீச்சர் மறுபடி வந்தார். அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

“அதுக்கு வரலம்மா. நான் தினமும் கும்பிடுறவ. பொண்ணு போனப்பகூட விடல. இப்ப கண்ணை மூடினா அந்தாளு குரல்தான் கேக்குது. நீங்க பக்கத்துல இருந்து கேட்டீங்களே… உங்களுக்கு என்ன தோணுச்சு?”

அக்கா என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் மேடைப் பேச்சு. ஒன்றில், அந்த ஆளைப் போலவே, கடவுளின் சார்பில் நானே பேசியிருந்தேன்.

டீச்சர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அக்காவின் நாற்காலியில் இப்போது நீங்கள் இருங்கள். முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். அப்புறம்…