மூன்று மணிக்கு ஜெரூஷாவின் விமர்சனம்

ஐஸ் பெட்டியின் வயரைச் செருக வேறு இடமில்லாததால் ஸ்டெபின் சார்ஜரைப் பிடுங்கினான். அதில் தொங்கிக்கொண்டிருந்தது ஜெரூஷாவின் போன். பெட்டிக்குள் கிடந்தவளும் ஜெரூஷாதான். அவன் மனைவி. கல்யாணமாகி நான்கு வருஷம்.

“மச்சான், மூணு மணிக்கு அவ சேனல்ல வீடியோ வருது, பாத்தியா? போன வாரமே டைம் செட் பண்ணி வச்சிருக்கா,” என்றான் அவளுடைய அண்ணன் ஆஸ்டின். “பாஸ்டர் வர்றதுக்குள்ள டிவில போடுவோம். கடைசியா அவ குரலை எல்லாரும் கேக்கட்டும்.”

மணி இரண்டு நாற்பது.

பார்த்த படத்தைப் பற்றி ஜெரூஷா அந்தச் சேனலில் தயவுதாட்சண்யமில்லாமல் பேசுவாள். நானூறு பேர் கேட்பார்கள். பொய் அழுகையை எந்த நடிகரிடமும் நொடியில் பிடித்துவிடுவாள். அவளிடம்தான் ஸ்டெபின் ஐந்து மாதமாக ‘வெறும் அல்சர்’ என்று சொல்லிவந்தான். “தெரிஞ்சா என் பிள்ளை பயத்துலயே போயிடுவா, சொல்லிடாதீங்க மாப்ள,” என்று மாமியார் தபீதாள் அவன் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார்.

அவள் போனோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டான். இயர்போனைச் செருகி வீடியோவைத் திறந்தான்.

“வணக்கம். இந்த வாரம் ரெண்டு படம். முதல்ல மாஸ் படம். ஹீரோ இருபது பேரை அடிக்கிறார், நம்பிட்டேன். அம்மா செத்ததுக்கு அழறார், சத்தியமா நம்பல. அடுத்தது விருது வாங்கின படம். காலி பக்கெட்ல பத்து நிமிஷம் தண்ணி சொட்டுது. மேடவாக்கத்துல டேங்கர் வராத நாள்ல நானும் அதத்தான் பாக்கறேன், எனக்கு யாரும் விருது தரல.”

இருமினாள். தண்ணீர் குடித்தாள்.

“அதுல ஒரு புருஷன். பொண்டாட்டிக்கு என்ன வியாதின்னு மறைக்கிறான். டாக்டர் ரூம்ல இருந்து ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டே வெளிய வர்றான். டாக்டர் ரூம்ல இருந்து யாருங்க சிரிச்சுக்கிட்டு வருவா? பாவம், நடிக்கத் தெரியல. அவளும் தெரியாத மாதிரியே இருக்கா. அவ நடிப்பு பரவால்ல.”

அழிக்கும் பட்டனின் மேல் அவன் கட்டைவிரல் நின்றது. அழித்தால் அவள் கடைசியாகப் பேசியதும் போய்விடும்.

கதவு தட்டப்பட்டது. “மாப்ள.”

போனைச் சட்டைப்பையில் போட்டான். முகத்தைக் கழுவிக்கொண்டு திறந்தான். தபீதாள் நின்றிருந்தார்.

“கேட்டீங்களா? ஏதாவது சொல்லியிருக்காளா? அவளுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?”

“தெரியாது அத்தை. சினிமா பத்தித்தான் பேசியிருக்கா.”

சிரித்தான். தபீதாள் அந்தச் சிரிப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆஸ்டின், டிவி வேணாம். அணைச்சிடு.”

மூன்று மணிக்கு ஸ்டெபினின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தபீதாள் பெட்டியருகே உட்கார்ந்து, மகளின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.